கடைசிப் பத்து நிமிடங்கள்

மயக்கமருந்து கலந்திருக்கிறது என்று தெரிந்தேதான் ரெக்ஸ் அந்தக் காப்பியைக் குடிக்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன், பிரான்சில் ஒரு நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில், குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போன அவன் காதலி சாஸ்கியா திரும்பவே இல்லை. அவளைக் கொண்டுபோன லெமோர்ன் இப்போது எதிரில் நிற்கிறான். அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் நீயும் அதையே பட்டுப் பார்க்க வேண்டும் என்கிறான். ரெக்ஸ் கண் விழிக்கும்போது கும்மிருட்டு. லைட்டரைப் பற்றவைத்தால் முகத்துக்கு மேலே பலகை. வெளியே லெமோர்ன் தன் கிராமத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். மனைவி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

1988இல் ஜார்ஜ் ஸ்லைசர் எடுத்த டச்சுப் படம் 'ஸ்பூர்லோஸ்' இது. டிம் கிராபே 1984இல் எழுதிய, 'பொன் முட்டை' என்று பொருள்படும் தலைப்புடைய நாவல்தான் மூலம். ஐந்து ஆண்டுகள் கழித்து இதே ஸ்லைசர் இதே கதையை 'தி வேனிஷிங்' என்று ஹாலிவுட்டில் ஆங்கிலத்தில் எடுத்தார். அதில் நாயகனின் புதிய காதலி தேடி வந்துவிடுகிறாள். புதைந்தவன் மண்ணிலிருந்து எழுந்து வில்லனைக் கொல்கிறான். கடைசியில் காப்பியை வைத்து ஒரு சிரிப்பு வேறு. கதையைத் தெரியாதவர் யாரோ கைவைத்துக் கெடுத்தார் என்று சொல்லவும் வழியில்லை. எடுத்தவரே மறுபடி எடுத்திருக்கிறார். மைக்கேல் ஹனகே தன் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) படத்தைப் பத்தாண்டு கழித்து ஆங்கிலத்தில் ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்து, முடிவில் ஒரு துளியும் இளகவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவு மாறினால் முன்னால் உள்ளவையும் சேர்ந்து மாறிப்போகின்றன. 'ஸ்பூர்லோஸ்' தொடக்கத்தில் சுரங்கப்பாதைக்குள் கார் பெட்ரோல் தீர்ந்து நிற்கிறது. சாஸ்கியா கத்தக் கத்த ரெக்ஸ் அவளை இருட்டில் விட்டுவிட்டு நடக்கிறான். பொன் முட்டைக்குள் அடைபட்டு விண்வெளியில் தனியே மிதப்பதாகத் தனக்கு வரும் கனவை அவள் சொல்லியிருக்கிறாள். அந்த இருட்டில் அவளைத் தனியே விட்ட கடன்தான் பிறகு அவனைக் காப்பியைக் குடிக்க வைக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவன் மீட்கப்பட்டுவிட்டால் அந்தக் கடன் அடைபடாமலே நின்றுபோகிறது.

மொழியும் இந்தக் கதையின் ஓர் உறுப்பு. லெமோர்ன் வேதியியல் ஆசிரியன், இரண்டு பெண்களுக்குத் தகப்பன், குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்துக் குறித்துவைப்பவன். சாஸ்கியா அவனோடு பேச்சை வளர்ப்பது தன் அரைகுறைப் பிரெஞ்சைப் பழகிப் பார்க்கும் ஆசையில். அயலூரில் அயல்மொழி பேசிப் பார்க்கும் ஒரு சின்ன மகிழ்ச்சிதான் அவளைப் பிடித்துக் கொடுக்கிறது. எல்லோரும் ஆங்கிலமே பேசும் படத்தில் இதற்கு இடம் எங்கே?

மறுஆக்கத்தில் முடிவை மாற்றும் இந்தப் பழக்கம் பழையது. ஜூலியன் துவிவியேயின் 'பெப்பே லெ மோக்கோ' (1937) படத்தில், காதலியைச் சுமந்து கப்பல் கிளம்ப, துறைமுக இரும்புக் கம்பிகளைப் பிடித்தபடி ழான் கபேன் தன்னையே குத்திக்கொண்டு சாகிறார். அதன் ஹாலிவுட் மறுஆக்கமாக அடுத்த ஆண்டே வந்த 'அல்ஜியர்ஸ்' படத்தில் சார்ல்ஸ் பாயரைப் போலீஸ் சுட்டு வீழ்த்துகிறது. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளின் முன் தற்கொலையில் முடியும் கதை தேறுவது கடினம். மார்செல் கார்னேயின் 'ல ழூர் ஸெ லேவ்' (1939) பட்ட பாடு இதைவிட மோசம். அதன் உரிமையை வாங்கிய ஆர்.கே.ஓ. நிறுவனம் 1947இல் ஹென்றி ஃபோண்டாவை வைத்து 'தி லாங் நைட்' என்று எடுத்தது. போட்டிக்கு இருக்கக் கூடாதென்று, கைக்குக் கிடைத்த பிரெஞ்சுப் பிரதிகளை வாங்கி அழிக்கவும் முனைந்தது. கபேன் அறையில் தன்னைச் சுட்டுக்கொண்டு கிடக்க, வேலைக்கு எழுப்பும் கடிகாரம் மணியடிப்பது மூலப்படத்தின் முடிவு. ஃபோண்டா சரணடைந்து பிழைக்கிறார். அழிந்துபோனதாகவே அஞ்சப்பட்ட அந்தப் பிரெஞ்சுப் படம், 1952இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் வாக்கெடுத்தபோது உலகின் முதல் பத்துப் படங்களில் ஒன்றாக வந்தது. இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

ஆங்கில ஆக்கம் நல்ல படமாக அமைவதும் உண்டு. ஸ்கோர்செஸியின் 'தி டிபார்ட்டட்' (2006) பாஸ்டன் நகர ஐரிஷ் சமூகத்துக்குள் உண்மையாகவே வேர் பிடித்த படம். ஆனால் அதன் மூலமான ஹாங்காங் படத்துக்குச் சீனத்தில் 'இடைவிடாத பாதை' என்று பெயர். பௌத்தர்கள் அவீசி என்று சொல்லும், வேதனைக்கு இடைவெளியே இல்லாத கடைசி நரகம் அது. 2002இல் ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் எடுத்த அந்தப் படத்தில், போலீசுக்குள் இருக்கும் கயவன் சாவதில்லை. நல்லவன் என்ற பெயரோடு உயிர்வாழ்வதே அவனுக்கு நரகம். ஸ்கோர்செஸி அவனைச் சுட்டுக் கொன்று கணக்கை முடித்துவிடுகிறார். சீனப் பெருநிலத்துக்கென்று எடுத்த மாற்று முடிவிலோ அவன் கைதாகிறான். அமெரிக்க வணிகமும் சீனத் தணிக்கையும் ஒரே இடத்தில் கைவைத்திருக்கின்றன. 'தி டிபார்ட்டட்' நான்கு ஆஸ்கர்கள் பெற்ற இரவில், மூலம் ஒரு ஜப்பானியப் படம் என்று மேடையில் அறிவித்தார்கள். அந்த அலட்சியம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அடியில் ஓடும் எழுத்தைப் படிக்க அமெரிக்கர்கள் விரும்புவதில்லை, அதனால்தான் மறுஆக்கம் என்பார்கள். தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த நியாயம் பொருந்தாது. நமக்கு ஸ்வீடிஷும் அயல், ஆங்கிலமும் அயல். எப்படியும் எழுத்தைப் படித்துத்தான் பார்க்கப்போகிறோம் என்றால் மூலத்தையே பார்க்கலாமே. ஆனால் அந்த எழுத்து ஒழுங்காக இருக்க வேண்டும். தோமஸ் ஆல்ஃப்ரெட்சனின் ஸ்வீடிஷ் படம் 'லெட் த ரைட் ஒன் இன்' (2008) அமெரிக்காவில் டிஸ்க்காக வந்தபோது, திரையரங்கில் இருந்த சப்டைட்டிலை விட்டுவிட்டு மொட்டையாக்கிய ஒன்றைப் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் கொதித்த பிறகுதான் பழையது திரும்பியது. ஸ்டாக்ஹோம் புறநகரான பிளாக்கெபெரியில், பனிக்கு நடுவே ஒரு தனித்த சிறுவனும், காலங்காலமாகப் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிட்ட ஓர் இரத்தம் குடிக்கும் உயிரும் சுவரைத் தட்டித் தட்டிப் பேசிக்கொள்ளும் கதை. எலி என்ற அந்த உயிருடன் இருக்கும் கிழவர் யார் என்று படம் சொல்வதில்லை. 2010இல் அதன் ஆங்கில ஆக்கமாக வந்த 'லெட் மீ இன்' படத்தில் ஒரு பழைய புகைப்படத் துண்டு அதைச் சொல்லிவிடுகிறது. மாட் ரீவ்ஸ் கவனமாகத்தான் எடுத்திருக்கிறார். ஆனாலும் நாம் நமக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்விக்கு அந்தப் படத்துண்டு விடை கொடுத்துவிடுகிறது.

நான் மனமார மதிப்பது 'லிவிங்' (2022). குரோசாவாவின் 'இகிரு' (1952) படத்தை, நாகசாகியில் பிறந்து ஐந்து வயதில் இங்கிலாந்து போன கசுவோ இஷிகுரோ 1950களின் லண்டனுக்குக் கொண்டுபோனார். பில் நைய் அளந்து நடிக்கிறார். சாகப்போகும் அதிகாரி பனியில் ஊஞ்சலாடும் காட்சி அங்கும் கண்ணில் நீர் வரவைக்கிறது. ஆனால் 143 நிமிடம் 102 ஆகும்போது சுருங்கிப்போனது இழவு வீடு. 'இகிரு'வில் அது நெடுநேரம் ஓடும். சக ஊழியர்கள் குடித்துக் குடித்து, செத்தவர் கட்டிய பூங்காவின் பெருமை யாருக்கு என்று வாதாடி, மெல்ல உண்மைக்கு வந்து, அழுது, நாமும் இனி அவரைப் போலவே வேலை செய்வோம் என்று சத்தியம் செய்கிறார்கள். மறுநாள் மனுவோடு வருபவரை வழக்கம்போல வேறு பிரிவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் பொறுக்காமல் எழுந்து நிற்கிறார். மற்றவர்கள் பார்க்கிறார்கள். அவர் மெல்ல உட்கார, காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் முகம் மறைந்துபோகிறது.