கூடிப் பார்த்தலும் குறை காணலும்: நியூயார்க் போட்டோ லீக்கின் (1936–1951) திறனாய்வு மரபு

முன்னுரை

பிலிமில் எடுக்கப்படும் ஒளிப்படம் எடுத்தவர் கண்ணுக்கும் உடனே புலப்படுவதில்லை. படச்சுருளைக் கழுவி, நெகட்டிவை உலர்த்தி, இருட்டறையில் தாளில் அச்சிட்ட பின்னரே அது படமாகின்றது. இருட்டறையும் என்லார்ஜரும் தனியொருவர் எளிதில் வாங்கிவிட இயலாதவை. எனவே ஒளிப்பட ஆர்வலர்கள் சங்கமாகக் கூடினர். கூடிய இடத்தில் ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்ப்பதும், பார்த்ததைப் பற்றிக் குறையும் நிறையும் கூறுவதும் வழக்கமாயின. ஒளிப்பட வரலாற்று நூல்கள் கலைஞரையும் படத்தையும் விரிவாகப் பேசுகின்றன. படம் முதன்முதலில் மதிப்பிடப்பட்ட இந்தக் கூடத்தையோ அவை பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன. நியூயார்க்கில் இயங்கிய போட்டோ லீக் என்னும் அமைப்பை முன்வைத்து, ஒத்த ஆர்வமுடையோர் ஒருவர் படத்தை ஒருவர் திறனாய்வு செய்யும் முறையின் வலிமையையும், அவ்வலிமையிலிருந்தே பிறக்கும் குறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

முடிந்த படமும் முடியாத படமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் கேமரா சங்கங்களில் நிலைபெற்ற திறனாய்வு முறை போட்டியை மையமாகக் கொண்டது. படம் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்கும். நடுவர் அதன் அமைப்பு, ஒளி, அச்சின் நயம் ஆகியவற்றைக் கண்டு பரிசு வழங்குவார். இங்குத் திறனாய்வுக்கு உட்படுவது முடிந்துபோன பொருள். ஏன் இது எடுக்கப்பட்டது என்ற வினாவுக்கு அம்முறையில் இடம் குறைவு. மென்மையான குவியமும் ஓவியச் சாயலும் நெடுங்காலம் உயர்வாகப் போற்றப்பட்டமைக்கு இம்முறையும் ஒரு காரணம் எனலாம்.

போட்டோ லீக் இதிலிருந்து வேறுபட்டது. தொழிலாளர் இயக்கத்தோடு தொடர்புடைய பிலிம் அண்ட் போட்டோ லீக் பிளவுபட்டு, திரைப்படக்காரர்கள் தனியே சென்றபின், 1936இல் ஒளிப்படக்காரர்கள் இவ்வமைப்பைத் தொடங்கினர். சிட் கிராஸ்மனும் சோல் லிப்சனும் இதன் முன்னோடிகள். கிழக்கு 21ஆம் தெருவில் இருந்த அதன் இடத்தில் வகுப்பறை, இருட்டறை, காட்சிக்கூடம் ஆகிய மூன்றும் இருந்தன. ஒரு படம் எடுக்கப்படுவதற்கு முன் அது குறித்த உரையாடல், எடுக்கப்பட்டபின் அச்சு, அச்சிட்டபின் விவாதம் ஆகியவை ஒரே கூரையின்கீழ் நிகழ இவ்வமைப்பு வழிசெய்தது. ‘போட்டோ நோட்ஸ்’ என்னும் உருட்டச்சு இதழ் அவ்விவாதங்களின் ஒரு பகுதியை எழுத்தில் தந்தது.

இம்முறையின் நுட்பத்தைக் காண ஆரன் சிஸ்கின்ட் நடத்திய ஃபீச்சர் குரூப் என்னும் பிரிவு தக்க சான்று. சிஸ்கின்ட் நியூயார்க் அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர். கட்டுரைக்குக் குறிப்புச்சட்டகம் வரையப் பழகிய ஆசிரியர் மனம் அவருடைய ஒளிப்படப் பணியிலும் தெரிகின்றது. ஒரு தெருவையோ குடியிருப்பையோ தேர்ந்து, எதைக் காட்டவேண்டும் எனக் கூடிப் பேசி, உறுப்பினர்கள் சென்று எடுத்து வந்தவற்றைக் கூடிப் பார்த்து, விடுபட்டது எதுவென உணர்ந்து, மீண்டும் செல்வர். இங்குத் திறனாய்வு என்பது தீர்ப்பன்று. அடுத்த படச்சுருளுக்கான ஆயத்தம். நன்கு அச்சான படமும் தொடரில் பொருந்தாவிடின் நீக்கப்படலாம். தனிப்படத்தின் அழகைவிடத் தொடரின் வாதமே அளவுகோலாக நின்றது.

தமிழ் மரபில் அரங்கேற்றத்தை இதனோடு ஒப்பிடத் தோன்றும். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு அரில்தபத் தெரிவிக்கப்பட்டது தொல்காப்பியம் எனச் சிறப்புப்பாயிரம் கூறும். ஆயின் அரங்கேற்றம் நூல் முடிந்தபின் நிகழ்வது. அவை ஏற்றால் நூல் உலகுக்குச் செல்லும். போட்டோ லீக்கின் அவையோ முடியாத படைப்பின்முன் கூடியது. இதனால் அங்குக் கூறப்பட்ட சொல்லுக்குக் கூடுதல் ஆற்றல் இருந்தது. படைப்பை மட்டுமன்றிப் படைப்பாளி அடுத்து எங்குச் செல்லவேண்டும் என்பதையும் அச்சொல் தீர்மானித்தது.

பொது நோக்கின் விலை

அந்த ஆற்றல் ஒருமுறை சிஸ்கின்ட் மீதே திரும்பியது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், சமயக் கூட்ட முகாமைச் சூழ்ந்து எழுந்த அலங்கார மரவீடுகளை அவர் படமெடுத்து, ‘டாபர்நாகிள் சிட்டி’ என்னும் தலைப்பில் 1941இல் லீக்கில் காட்சிக்கு வைத்தார். மனிதர்களும் வறுமையும் இல்லாத அப்படங்கள் உறுப்பினர் சிலருக்கு உவப்பாக இல்லை. சமூக நோக்கிலிருந்து விலகிய வெறும் வடிவ நாட்டம் என அவை பார்க்கப்பட்டன. அதன்பின் சிஸ்கின்ட் லீக்கிலிருந்து ஒதுங்கினார். சில ஆண்டுகளிலேயே உதிர்ந்த வண்ணப்பூச்சு, கைவிடப்பட்ட கையுறை, கடற்கரைப் பாறை என மேற்பரப்புகளை நெருங்கி எடுத்து, அருவ ஓவியர்களின் தோழரானார்.

இந்நிகழ்வைக் கலைச் சுதந்திரத்துக்கும் கட்சி மனத்துக்கும் இடையிலான மோதல் என எளிமைப்படுத்துவது பொருந்தாது. அதே 1941இல்தான் குற்றச் செய்திப் படங்களுக்குப் பெயர்பெற்ற வீஜியின் காட்சியை லீக் நடத்தியது. லிசெட் மாடலுக்கும் இடமளித்தது. இவ்விருவரும் சீர்திருத்த நோக்குடையோர் அல்லர். எனவே லீக்கின் கண் குறுகியது எனக் கூற இயலாது. விருந்தினரின் படத்தைக் காணும்போது இருந்த தாராளம் உறுப்பினரின் படத்தைக் காணும்போது இல்லை என்பதே சிந்திக்கத்தக்கது. வீஜி எவ்வாறு எடுத்தாலும் அது வீஜியின் வழி. சிஸ்கின்டோ ‘நம் பணி’யை விட்டுச் செல்பவராகத் தோன்றியிருக்கக்கூடும். ஒருவரை ஒருவர் திருத்தும் உரிமையைத் தந்த அந்தப் பொது நோக்கே, திருத்தத்துக்கு உட்படாத படத்தைப் பிழையெனக் காணவும் செய்தது.

கூடத்தில் இருந்தவரும் இல்லாதவரும்

1947 டிசம்பரில் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் வெளியிட்ட நாட்டுப்பற்றற்ற அமைப்புகளின் பட்டியலில் லீக்கின் பெயர் இடம்பெற்றது. ஆன்செல் ஆடம்ஸ் போன்ற முன்னணிக் கலைஞர் பலர் ஆதரவாக நின்றும் பயனில்லை. 1949இல் உறுப்பினர் ஏஞ்சலா கலோமிரிஸ் தாம் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் தந்து வந்தவர் என்பதை நீதிமன்றச் சாட்சியத்தில் வெளிப்படுத்தி, கிராஸ்மனைக் கம்யூனிஸ்ட் எனச் சுட்டினார். 1951இல் லீக் கலைந்தது. முடியாத படத்தைப் பிறர்முன் வைப்பவர் தம் தடுமாற்றத்தையும் சேர்த்தே வைக்கின்றார். அதற்கு வேண்டிய நம்பிக்கை முறிந்தபின் இருட்டறை எஞ்சினும் திறனாய்வு எஞ்சாது.

லீக் குறித்த பிற்கால மீள்பார்வைகளில் இத்துயர முடிவே முன்னிற்கின்றது. அது இயல்பே. ஆயினும், அநீதிக்கு ஆளான அமைப்பு என்ற பரிவு, அதன் படங்களின்மீது எழவேண்டிய வினாக்களைத் தளர்த்திவிடலாகாது. அவ்வினாக்களுள் முதன்மையானது ஹார்லெம் பற்றியது.

ஃபீச்சர் குரூப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ‘ஹார்லெம் டாக்குமென்ட்’ தொடருக்குக் கறுப்பின எழுத்தாளர் மைக்கேல் கார்ட்டர் உரை எழுதத் துணைநின்றார். படமெடுத்தோர் வெள்ளையர். அக்குழுவினர் ஒருவர் படத்தை ஒருவர் கண்டிப்புடன் மதிப்பிட்டனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் அம்மதிப்பீட்டின் எல்லை எது? சிஸ்கின்டின் ஹார்லெம் படங்களுள் ஒன்றில், ஒரு மனிதர் படுக்கையில் உறங்குகின்றார். அவர் தலைமாட்டுச் சுவரில் வெள்ளையினப் பெண்களின் படங்கள் ஒட்டப்பட்டுள்ளன. அமைப்பு, ஒளி, பொருள்முரண் என எவ்வகையில் நோக்கினும் வலிய படம் இது. கூடியிருந்தோர் இதன் சட்டகத்தைப் பற்றியும் அச்சின் கருமையைப் பற்றியும் சமூகப் பொருளைப் பற்றியும் பேசலாம். ‘என் அறையை இவ்வாறு காட்டுவது எனக்கு உடன்பாடா’ என்று கேட்கக்கூடியவர் ஒருவரே. அவர் படத்துக்குள் உறங்குகின்றார், கூடத்தில் இல்லை.

1940இல் ‘லுக்’ இதழ் இத்தொடரிலிருந்து சில படங்களைத் தேர்ந்து, ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ நாவலை நினைவூட்டும் வகையில் ‘2,44,000 நேட்டிவ் சன்ஸ்’ எனத் தலைப்பிட்டு வெளியிட்டது. நெருக்கடியும் வறுமையுமே அத்தேர்வில் மேலோங்கின. ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகை முழுவதும் ஒரு நாவலின் தலைப்புக்குள் அடைக்கப்பட்டது. இதழாசிரியரை மட்டும் குறைகூறித் தப்பிவிட இயலாது. தேர்வு அவருடையதாயினும், தேர்வுக்குரிய படங்கள் குழுவின் திறனாய்வில் தேறி வந்தவை. தொழில்நுட்பப் பிழையையும் உணர்ச்சி மிகையையும் களைந்த அத்திறனாய்வு, பரிவின் பெயரால் ஒரு மக்களைத் துயரமாக மட்டும் சுருக்கும் பிழையைப் போதிய அளவு களையவில்லை. தோழர்கள் ஒரே திசையில் நின்று பார்க்கும்போது, அத்திசைக்கே உரிய பிழை எவர் கண்ணிலும் படுவதில்லை.

1981இல் சிஸ்கின்ட் இப்படங்களை நூலாக்கினார். ஹார்லெமில் வளர்ந்த படைப்புகளுக்குப் பெயர்பெற்ற கறுப்பின ஒளிப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் முன்னுரை தந்தார். கார்ட்டரின் உரைக்கு மாற்றாக, 1930களின் பிற்பகுதியில் ஃபெடரல் ரைட்டர்ஸ் புராஜெக்ட் என்னும் அரசுத் திட்டத்தின்கீழ் ஹார்லெம் மக்களிடம் கேட்டுப் பதியப்பட்ட வாய்மொழிகள் படங்களோடு வைக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஹார்லெம் மக்களின் குரல் பக்கத்துக்குள் வந்தது. எனினும் அக்குரல்கள் அப்படங்களைப் பார்த்துப் பேசியவை அல்ல. அவை வேறொரு பணிக்காக, வேறு சிலரிடம், இப்படங்களைக் காணாமலேயே கூறப்பட்டவை.