பிழையுள்ள விண்ணப்பம்

1909-ல் ஒகில் சந்திர சென் என்ற பிரயாணி சாகிப்கஞ்ச் ரெயில்வே அலுவலகத்துக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம் பிரசித்தமானது. பலாப்பழத்தால் வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போனார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் விழுந்தார், ரெயில் போய்விட்டது.

வரிக்கு வரி பிழை. ஆனாலும் நல்ல விண்ணப்பம் என்பேன். எங்கே, என்ன நடந்தது, யாருக்கு அபராதம் போடவேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

அதற்காக இலக்கணம் வேண்டாம் என்போர் கட்சியில் நான் சேரமாட்டேன். படிப்பவர்கள் பிழைகளைக் கண்டு சிரிக்கிறார்கள். அவர் பட்ட அவமானம் அந்தச் சிரிப்பில் அமுங்கிப் போகிறது. தமிழிலோ, ‘எங்கள் தெருவுக்கு வழியில்லை’ என்பதை ‘வலியில்லை’ என்று எழுதிவிட்டால், குறையே இல்லை என்றாகிவிடும்! நஷ்டம் அதிகாரிக்கல்ல, எழுதியவருக்குத்தான்.