உட்சேர்ப்புக் கல்வியும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பயிற்சியும்: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் 1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள் ‘கற்பிக்கத்தக்க’ குழந்தைகளையே பள்ளிக்குரியோராகக் கொண்டன. அவற்றுக்கு மாற்றாக 2013இல் புதிய விதிமுறைகள் வந்தன. எக்குழந்தையையும் திருப்பியனுப்பலாகாது என்னும் கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டமோ (2013-2025) சிறப்புத் தேவையுடைய மாணவருள் 75 விழுக்காட்டினரை உட்சேர்ப்புக் கல்வியில் இணைத்தல், ஆசிரியர் அனைவரும் சிறப்புத் தேவைகள் பற்றிய அடிப்படை அறிவைப் பெறுதல் ஆகிய இரண்டையும் இலக்குகளாக வகுத்தது. இவற்றுள் இரண்டாவதே நம் கவனத்திற்குரியது. அவ்வறிவு எம்மொழி வகுப்பறைக்கானது என்பதைக் கொள்கை தெளிவாக்கவில்லை.

ஜொகூர் மாநிலத்தின் செகாமாட் மாவட்டத்திலுள்ள லாபிஸ், இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். இத்தகைய ஊரின் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் வாசிக்கத் தடுமாறினால், அதனை முதலில் அறிபவர் வல்லுநர் அல்லர், வகுப்பாசிரியரே. அவர் அறியத் தவறின் அக்குழந்தை ‘சோம்பேறி’ என்னும் பெயரையே பெறும்.

வாசிப்புக் குறைபாடு எழுத்துமுறைக்கேற்ப வேறுபட்டுத் தோன்றும். ஆங்கிலம், மலாய் ஆகியவற்றின் உரோமன் எழுத்தை வைத்து எழுந்த விளக்கங்கள் தமிழுக்கு முழுமையாகப் பொருந்தா. ‘கெ’ என்பதில் உயிரொலி பின்னர் ஒலிப்பினும் அதன் குறி முன்னர் நிற்கிறது. ‘கொ’ என்பதில் குறி மெய்யின் இருபுறமும் அமைகிறது. ல, ழ, ள வேறுபாடு பேச்சில் மங்கியிருப்பதால் எழுத்துப்பிழை எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படும். எது இயல்பான பிழை, எது குறைபாட்டின் அறிகுறி என்று பிரித்துணரத் தமிழ் ஒலியியலும் சிறப்புக் கல்வியும் ஒருங்கே தேவை. ஆசிரியர் பயிற்சியில் இவை தனித்தனிப் பாடங்களாக நிற்கும்வரை அவ்விணைப்பு நிகழாது.

சிறப்புக் கல்வி வகுப்புள்ள வேறு பள்ளிக்கு அக்குழந்தையை மாற்றுவதே எளிது என்பாருளர். அப்பள்ளி தேசியப் பள்ளியாயின், குழந்தை சேவையைப் பெறும். தமிழ்வழிக் கல்வியை இழக்கும். உடன்பிறந்தோர் தமிழில் பயில, உதவி மிகுதியும் வேண்டுவோர் மட்டும் வீட்டுமொழியிலிருந்து விலக்கப்படுவதை உட்சேர்ப்பு எனல் பொருந்தாது.

எனவே, ஆசிரியர் கல்விக் கழகங்களில் தமிழாசிரியராகப் பயில்வோர் அனைவருக்கும் தமிழ் வாசிப்புக் குறைபாடு பற்றிய பாடம் கட்டாயமாதல் வேண்டும். தமிழிலேயே உருவாக்கிய கண்டறி கருவியைக் கற்பித்தல் பயிற்சியின்போது அவர்கள் கையாளவும் வேண்டும். இதனை வடிவமைக்கும் கடமை கல்வியமைச்சுக்கு மட்டுமன்று. தமிழாய்வுத் துறையினராகிய நமக்கும் உரியது.