ஓவியத்தின் கூறுகளும் குற்றாலம் சித்திர சபையும்

கோடு, வடிவம், வண்ணம், ஒளிநிழல், இடைவெளி, மேற்பரப்பின் தன்மை ஆகியவற்றைக் காட்சிக் கலையின் அடிப்படைக் கூறுகள் என்பர். ஓவியப் பாடநூல் எதைத் திறந்தாலும் முதலில் இந்தப் பட்டியல்தான் இருக்கும். பட்டியலில் பிழை இல்லை. ஆனால் சினிமாச் சுவரொட்டியிலும் இவை அனைத்தும் உண்டு. மிகச் சிறந்த ஓவியத்திலும் உண்டு. அப்படியானால் சிறப்பு எங்கிருந்து வருகிறது? இக்கேள்வியோடு போய்ப் பார்ப்பதற்குத் தென்காசி மாவட்டத்திலேயே இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று குற்றாலம் சித்திர சபை. மற்றொன்று கடையநல்லூர் வட்டத்தில், சொக்கம்பட்டி அருகேயுள்ள திருமலைப்புரம் குடைவரை.

நடராசரின் ஐந்து சபைகளுள் திருவாலங்காடு இரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை. ஐந்தாவதான குற்றாலத்தில் இறைவன் ஓவியமாகவே வழிபடப்படுகிறார். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தோடு அமைந்த தனிக் கட்டடம் இது. கூரை செப்புத் தகடு வேய்ந்தது. அருவியில் குளிக்க வரும் கூட்டத்தில் இங்கே எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றபோது, உள்ளே சுற்றிப் பார்த்த ஒரு பையன், "சாமி எங்க சார்?" என்று கேட்டான். சுவரைக் காட்டினேன். அவன் நம்பவில்லை.

அந்தப் பையனின் ஐயம் நியாயமானது. நடராசர் வடிவத்தைச் செப்புத் திருமேனியாக வார்ப்பவருக்கு உள்ள வசதி ஓவியருக்கு இல்லை. நடராசரின் முன் இடக்கை, யானைத் துதிக்கை போல் மார்பின் குறுக்கே வந்து தூக்கிய திருவடியைச் சுட்டும். செப்புத் திருமேனியில் கைக்கும் மார்புக்கும் இடையே உண்மையான இடைவெளி இருக்கிறது; கண் குழம்பாது. சுவரிலோ கை, மார்பு, தூக்கிய கால் மூன்றும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. நம் சுவரோவிய மரபில் ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழுவதும், மறுபக்கம் நிழல் படிவதும் இல்லை. ஆக, கையை மார்பிலிருந்து பிரித்துக் காட்ட ஓவியருக்கு முதன்மையாகக் கிடைப்பது ஓரக்கோடு ஒன்றே. அது தடித்தால் கை மரக்கட்டையாகும். தளர்ந்தால் மார்போடு ஒட்டிவிடும். ஒற்றைக் காலில் நிற்கும் உடலின் பாரம் ஊன்றிய பாதத்தில் இறங்குவதும் கோட்டின் வளைவால்தான். இவ்வளவும் கூடினால்தான் சுவரில் ஆட்டம் தெரியும். தெரியாவிட்டால் அது அலங்காரம் செய்த சுவர், அவ்வளவே.

சபையின் சுவர்கள் முழுவதும் இதே தரம் என்று நான் சொல்லமாட்டேன். திருவிளையாடற் கதைகள் முதலியன சுவர்களை நிறைத்திருக்கின்றன. அவற்றில் சில பகுதிகள் கதையைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. உருவங்கள் நெருக்கமாக வருகின்றன. அணிகலன்களுக்குக் காட்டிய அக்கறை எல்லா முகங்களுக்கும் காட்டப்படவில்லை. வெற்றிடம் விடும் துணிவு குறைவு என்பது என் கருத்து. கதை தெரிந்தவர்கள் மகிழ்வார்கள். தெரியாதவர் கண்ணை நிறுத்த இடம் தேடவேண்டும்.

திருமலைப்புரத்தில் நிலைமை நேர்மாறு. முற்காலப் பாண்டியர் காலக் குடைவரை அது. ஓவியங்களில் எஞ்சியிருப்பவை சிதைந்த துண்டுகள். சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தில் மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர் என்று இன்றும் இனங்காண முடிகிறது. அந்த அளவுகூட இங்கே வாய்க்கவில்லை. வண்ணம் பெரும்பாலும் மங்கிவிட்டது. முழு அமைப்பும் போய்விட்டதால் சமநிலை, விகிதம் பற்றிப் பேசவே இடமில்லை. பட்டியலிலுள்ள கூறுகளைக் காலம் ஒவ்வொன்றாக அழித்துவிட்டது. ஆயினும் எஞ்சிய துண்டொன்றில் ஒரு கோடு தெரிந்தால், அதை இழுத்த கை தடுமாறவில்லை என்பது இன்றும் புலப்படுகிறது.

இதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: புனையா ஓவியம். வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம் என்பது பொருள். நெடுநல்வாடை, அணிகலன் களைந்திருக்கும் பாண்டிமாதேவிக்கு அதை உவமையாக்குகிறது. வண்ணம் இல்லாதபோதும் அதை ஓவியம் என்றே நம் முன்னோர் அழைத்தனர் என்பதைக் கவனிக்கவேண்டும். விஷ்ணுதர்மோத்தரத்தின் ஓவியப் பகுதியும், கோட்டின் அருமையை அறிபவர்கள் ஆசான்களே என்ற கருத்தைக் கூறுகிறது.

இதையெல்லாம் படித்திருந்தும் வகுப்பில் நான் வேறு மாதிரி நடந்துகொண்டேன். ஆறு கூறுகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் வைத்திருந்தேன். மழையில் நனைந்து நிற்கும் ஆட்டை ஒரு மாணவி பென்சிலால் மட்டும் வரைந்திருந்தாள். முதுகு கூனி, கழுத்தை உள்ளிழுத்து நின்றது அந்த ஆடு. வண்ணம் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்த ஆட்டின் முதுகு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. முழு மதிப்பெண் வாங்கிய படங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

பழைய சுவரோவியங்களைக் காப்பதிலும் இதே தவறு நேரக்கூடும். சுண்ணாம்பு பூசி ஓவியங்களை மறைத்த கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. அதைவிட நுட்பமான கேடு, மங்கிய ஓவியத்தின்மேல் புதுக்கோடு இழுப்பது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பக்தர்களும் மகிழ்வார்கள். ஆனால் பழைய கோடு அடியில் புதைந்துவிடும். மங்கியதை மங்கியபடியே நிலைநிறுத்துவதுதான் காப்பாளரின் வேலை.

சித்திர சபைக்குச் செல்லும் மாணவர்கள் வெயில் ஏறியபின் செல்வது நல்லது; உள்ளே வெளிச்சம் குறைவு. சுவரைத் தொடக்கூடாது. மார்பின் குறுக்கே வரும் அந்தக் கையை மட்டும் சற்றுநேரம் பாருங்கள். பிறகு வெளியே குளக்கரையில் உட்கார்ந்து, அழிப்பான் இல்லாமல், நினைவிலிருந்து வரைந்து பாருங்கள்.