‘தென்படவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும்: தீர்த்தமலைக் காடுகளை முன்வைத்து ஊனுண்ணிக் கணக்கெடுப்பு முறைகள் குறித்த ஒரு விமர்சனம்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலை, மலைமேல் அமைந்த தீர்த்தகிரீசுவரர் கோயிலால் பலரும் அறிந்த ஊர். காட்டுயிர் ஆய்வுமுறைகளைச் சிந்திப்போர் அதை வேறொரு காரணத்திற்காகக் கவனிக்க வேண்டும். காவிரியை ஒட்டிய மேற்குப் பகுதியில் காவேரி வடக்கு (2014), காவேரி தெற்கு (2022) என்னும் இரு வன உயிரினச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. முன்னது ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர், பின்னது 686. தீர்த்தமலைக் காடு அவற்றுள் அடங்காது. இடையே பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையும் ஊர்களும் வயல்களும் குறுக்கிடுகின்றன. சித்தேரி, கல்வராயன், சவ்வாது ஆகிய மலைகளைப் போலவே, சமவெளி நடுவே தீவாக நிற்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளுள் இதுவும் ஒன்று. வறண்ட இலையுதிர் காடும் முட்புதர்க் காடுமே இப்பகுதியில் மிகுதி.

ஊனுண்ணிகளை ஆராய இன்று நம் நாட்டில் கையாளப்படும் முறைகள், நாகரஹொளே போன்று இரைவிலங்கும் புலியும் செறிந்த காடுகளில் உருவாகிச் சோதிக்கப்பட்டவை. அவற்றைத் தீர்த்தமலை போன்ற இடத்திற்குக் கொண்டுவரும்போது என்ன நேர்கிறது? ‘விலங்கு தென்படவில்லை’ என்னும் களக்குறிப்பு, அறிக்கையை அடையும்போது ‘விலங்கு இல்லை’ என்னும் முடிவாகிவிடுகிறது. இம்மாற்றத்திற்கு முறைகள் ஒரு பாதியும் நம் சொற்கள் மறுபாதியும் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘புலிகள் கணக்கெடுப்பு’ என்பது தமிழில் நிலைபெற்ற வழக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுவீடாகச் சென்று ஒவ்வொருவரையும் எண்ணுகிறோம். அதே சொல்லை விலங்குக்கும் ஆளும்போது, ஒவ்வொரு விலங்கும் எண்ணப்பட்டது என்ற பொருளே படிப்போர் மனத்தில் விழும். உண்மையில் 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடப்பது மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2006இல் 76, 2018இல் 264, 2022இல் 306 புலிகள் என்னும் எண்கள் மதிப்பீட்டின் விளைவுகள். ஒவ்வொன்றுக்கும் கீழெல்லையும் மேலெல்லையும் உண்டு. 2022ஆம் ஆண்டுக்கான சிறுத்தை மதிப்பீடு நாடு முழுமைக்கும் 13,874 என்று கூறியபோது, 12,616 முதல் 15,132 வரை என்ற வீச்சையும் உடன் தந்தது. தமிழ்ச் செய்தியில் வீச்சு உதிர்ந்து ஒற்றை எண் மட்டும் எஞ்சியது. ஆய்வேடுகளும் பல நேரம் அந்த ஒற்றை எண்ணையே எடுத்தாள்கின்றன என்பதுதான் வருத்தத்திற்குரியது. மேலும், அச்சிறுத்தை மதிப்பீடு புலி வாழும் நிலப்பரப்புகளை மையமாகக் கொண்டது. சிறுத்தையின் வாழிடத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டையே அது தழுவுகிறது. எஞ்சிய பகுதி கணக்கிலேயே வரவில்லை. அங்குச் சிறுத்தை இல்லை என்று அவ்வறிக்கை கூறவில்லை. ஆனால் மாநில வாரியான அட்டவணையைப் படிப்பவர் அவ்வாறே கொள்வார்.

முறைகளுக்கு வருவோம். 1966இல் ஒடிசாவின் சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த காலடித்தட முறை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கோலோச்சியது. தடத்தைக் கண்ணாடியில் வரைந்தும் சுண்ணச்சாந்தில் அச்செடுத்தும், பயிற்சி பெற்ற காவலர் ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அறியலாம் என்பது அதன் அடிப்படை. 2005இல் சரிஸ்காவில், பதிவேட்டில் இருந்த புலிகள் காட்டில் இல்லை என்று தெரியவந்தபோது அம்முறை கைவிடப்பட்டது. அதன் குறைகளைப் பலரும் எழுதிவிட்டனர். இங்கு ஒன்றைச் சுட்டினால் போதும். மென்புழுதி படிந்த வண்டித்தடம் இருக்குமிடத்தில்தான் தடம் பதியும். பாறைச் சரிவு மிகுந்த மலையில் தடம் இன்மை விலங்கைப் பற்றி எதுவும் கூறாது. மண்ணைப் பற்றியே கூறும்.

அதற்கு மாற்றாக வந்தது தானியங்கிக் கேமரா. புலியின் வரிகளும் சிறுத்தையின் புள்ளிக்கோலமும் விலங்குதோறும் வேறுபடுவதால், படத்தில் மீண்டும் மீண்டும் வரும் விலங்கை அடையாளம் கண்டு, வராதவற்றின் எண்ணிக்கையைக் கணிக்க முடியும். உல்லாஸ் கரந்த் நாகரஹொளேயில் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டி. இம்முறையின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது இரண்டை முன்கொள்கிறது: விலங்குக்குத் தனி அடையாளம் வேண்டும், அது பலமுறை படத்தில் விழ வேண்டும். கரடிக்கும் செந்நாய்க்கும் முதலாவது இல்லை. ஒன்றிரண்டு சிறுத்தைகளே உலவக்கூடிய சிறு மலைக்கு இரண்டாவது வாய்ப்பது அரிது. 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. 3 கோடியே 48 இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள் பதிவாயின. அவற்றில் புலி இருந்தவை 76,651, சிறுத்தை இருந்தவை 51,777. செறிவான காடுகளிலேயே விகிதம் இதுவென்றால், தீவு மலைகளில் பத்துக் கேமராக்களை ஒரு மாதம் வைத்து முடிவு கூறுவது துணிச்சலேயன்றி ஆய்வாகாது.

இங்கு எளிய கணக்கு ஒன்று உதவும். ஒரு மலையில் சிறுத்தை உண்மையிலேயே உலவுகிறது எனவும், ஒரு முறை தேடினால் அதன் அடையாளம் கிடைக்க 0.2 நிகழ்தகவு எனவும் கொள்வோம். மூன்று முறை தேடியும் கிடைக்காமற்போக 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.51 வாய்ப்பு. பாதிக்கு மேல்! மூன்று முறை சென்று வெறுங்கையுடன் திரும்பிய குழு ‘இல்லை’ என்று எழுதுவதும், நாணயத்தைச் சுண்டி முடிவு செய்வதும் ஒன்றே. இவ்வையத்தை 5 விழுக்காட்டிற்குக் கீழே குறைக்கப் பதினான்கு தேடல்கள் வேண்டும். 2002இல் மெக்கன்சி முதலியோர் முன்வைத்த வாழிட இருப்பு மாதிரி இதைத்தான் முறைப்படுத்தியது: ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் தேடி, கிடைத்த வரிசையிலிருந்து கண்டறியும் நிகழ்தகவையும் விலங்கு இருக்கும் நிகழ்தகவையும் தனித்தனியே பிரிப்பது. 2010இல் ஹைன்ஸ் உள்ளிட்டோர், காட்டுப்பாதை வழியே நடக்கும் புலியின் எச்சமும் தடமும் அடுத்தடுத்த துண்டுகளில் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் என்பதைக் கருதி அதைத் திருத்தினர். தீர்த்தமலைக்கு ஏற்ற முதற்கருவி இதுவே என்பது என் துணிபு. ‘எத்தனை’ என்னும் வினாவை ஒத்திவைத்து, ‘எந்தெந்த மலையில், எவ்வளவு உறுதியுடன்’ என்று அது கேட்கிறது.

இதற்கிடையே ஒரு குறுக்குவழியும் கவர்ச்சியூட்டுகிறது. கேமரா வைத்த சில காடுகளில் எச்ச–தட அளவிற்கும் விலங்கெண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, அத்தொடர்பைக் கேமரா இல்லாத காடுகளுக்கு நீட்டுவதே அது. 2015இல் அர்ஜுன் கோபாலசுவாமி உள்ளிட்டோர் இந்நீட்சியைக் கடுமையாக வினவினர். இந்திய வன உயிரின நிறுவன ஆய்வாளர்கள் மறுப்பும் எழுதினர். அவ்விவாதத்தில் எத்தரப்பு சரியாயினும், கண்டறியும் வாய்ப்பு இடத்திற்கிடம் மாறினால் தொடர்பு தளரும் என்பது தெளிவு. முதுமலையின் மண்பாதையில் பெற்ற தொடர்பு தீர்த்தமலையின் பாறைக்குப் பொருந்தும் என்று நம்பக் காரணம் ஏதுமில்லை.

எஞ்சுவது மக்களிடம் கேட்டறிதல். இங்குதான் தமிழாய்வாளரின் பங்கு பெரிது. இங்குதான் நாம் குறைவாக எழுதியுள்ளோம். ‘இங்கே புலி உண்டா?’ என்னும் கேள்வியே குழப்பமானது. வரியுடையதும் புலி; புள்ளியுடையது சிறுத்தைப்புலி, பேச்சில் அதுவும் வெறும் புலி; ஆடு மேய்ப்போர் நன்கறிந்த கழுதைப்புலி பூனை இனமே அன்று, எனினும் பெயரில் புலி. மூன்று விலங்குகள் ஒரு சொல்லில் கூடும்போது, இல்லாததை இருப்பதாகக் கொள்ளும் பிழை நுழைகிறது. 2014இல் இராஜீவ் பிள்ளை உள்ளிட்டோர் மேற்குத் தொடர்ச்சி மலை சார்ந்த நேர்காணல் தரவுகளில் இப்பொய்க் கண்டறிதலையும் மாதிரிக்குள் கொண்டுவந்தனர். அவர்கள் புள்ளியியலால் திருத்தியதன் ஒரு பகுதியை வட்டாரச் சொல்லாய்வு களத்திலேயே திருத்த முடியும். அதற்கான சொற்பட்டியல் அரூர் வட்டாரத்திற்குத் தேவை.

இப்பகுதியின் நடுகற்களைப் பற்றியும் ஒரு சொல். செங்கம், தருமபுரிப் பகுதிகள் நடுகற்களால் புகழ்பெற்றவை. பெரும்பாலானவை ஆநிரைப் பூசலில் வீழ்ந்தோருக்கு உரியவை; புலியொடு பொருது இறந்தோர்க்கு எழுப்பியவையும் உண்டு. அவற்றைக் கொண்டு பண்டைய புலிப்பரவலை வரைய முற்படுவோர், இதுவும் இருப்பை மட்டும் கூறும் தரவு என்பதை மறக்கலாகாது. கல் நாட்டப்படாத ஊரில் புலி இல்லை என்றாகாது. தேய்ந்த புடைப்புருவம் வரியையும் புள்ளியையும் பிரித்துக் காட்டாது. ‘சிறுத்தை நடமாட்டம், மக்கள் பீதி’ என்னும் இன்றைய நாளிதழ்த் தலைப்புகளுக்கும் இது பொருந்தும். 2015இல் வித்யா ஆத்ரேயா உள்ளிட்டோர் கர்நாடகச் செய்திகளைத் தரவாக்கினர். அத்தகைய ஆய்வில் நிருபர் செல்லாத மலை வெற்றிடமாகவே தோன்றும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நேர்காணலுக்கு நம்பிக்கை தேவை. சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியும் இதே அரூர் வட்டம்தான். 1992 ஜூனில் சந்தனக்கடத்தல் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூர்ப் பழங்குடியினர்மீது நிகழ்த்திய கொடுமைகளுக்காக, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்தது. அந்நினைவு வாழும் வட்டத்தில், சீருடை அணிந்த ஒருவர் ‘காட்டுக்குள் போனபோது எதைப் பார்த்தீர்கள்?’ என்று கேட்டால், ‘நாங்கள் காட்டுக்கே போவதில்லை’ என்பது இயல்பான விடை. அவ்விடையைச் ‘சிறுத்தை இல்லை’ என்று குறிப்பது தரவுப்பிழை மட்டுமன்று. கேமராவும் இங்கு நடுநிலைக் கருவியாகாது. கார்பெட் காப்பகத்தில் விலங்குக்காக வைத்த கேமராக்கள் விறகுக்குச் செல்லும் பெண்களைக் கண்காணிக்கவும் அச்சுறுத்தவும் பயன்பட்டதைத் திரிஷந்த் சிம்லாயும் கிறிஸ் சாண்ட்புரூக்கும் 2024இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். எனவே கேமரா எப்பாதையில், எந்நாளில் வைக்கப்படும், மனிதர் படங்கள் யாரிடம் சேரும், எப்போது அழிக்கப்படும் என்பவை ஊரார் ஒப்புதலுடன் முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். அறிக்கையின் முறையியல் பகுதியில் அவையும் இடம்பெற வேண்டும்.

தேடிய நாட்கள், நடந்த தொலைவு, பாதையின் மண், கேட்ட சொல், கேட்டவர் யார் என்பன அட்டவணையில் இல்லாத எந்த அறிக்கையும் தீர்த்தமலையைப் பற்றி ‘இல்லை’ என்று எழுதத் தகுதியற்றது. அவ்வெழுத்துக்கு விளைவு உண்டு. காட்டுநிலத்தை வேறு பயனுக்குக் கேட்கும் விண்ணப்பம் அதைச் சான்றாக எடுத்துக்காட்டும்; இரவில் பட்டியில் ஆட்டை இழந்தவர் இழப்பீடு கோரும்போது, பதிவில் இல்லாத விலங்கு எப்படிக் கொன்றது என்ற கேள்வியை எதிர்கொள்ள நேரும்.