பக்கவிளைவு என்ற சொல்

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டிக்குக் காத்திருந்தபோது பழைய மாணவி ஒருத்தி அம்மாவோடு வந்தாள். அடுத்த ஸ்டேஷனான புட்லூருக்குப் போகிறார்கள். நிறைசூலியாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும் அங்காளம்மன் அங்கே இருக்கிறாள். பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் போகும் கோயில். இவளுக்கோ இன்னும் திருமணமே ஆகவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவே சொன்னார்: “ஏழு மாசமா இவளுக்கு வரலைங்க மேடம். என்னமோ ஏதோன்னு பயந்து கார்டு வாங்கிக்கூடப் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல. அதான், அவகிட்டயே கேட்டுடலாம்னு.”

அம்மா டிக்கெட் எடுக்கப் போனதும் மகள் பேசினாள். ஒன்றரை வருடமாக ‘நரம்பு மாத்திரை’ சாப்பிடுகிறாள். ரிஸ்பெரிடோன். மனச்சிதைவு நோய்க்குக் கொடுப்பது. முன்பு கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் இப்போது இல்லை. காக்களூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். டாக்டரிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். “குரல் கேக்குதா, தூங்குறியா, மாத்திரை போடுறியான்னு கேப்பாரு மேம். நான் பதில் சொல்றதுக்குள்ள அப்பா சொல்லிடுவாரு. அப்பாவ வச்சுக்கிட்டு இத எப்படிச் சொல்ல?”

நான் தமிழ் படித்தவள், மருத்துவம் படித்தவளல்ல. ஆனாலும் ஒரு சொல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது என் தொழில். ‘பக்கவிளைவு’ என்ற சொல்லை அன்று முதல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைப் பக்கம் என்று சொல்லிவிட்டால் நடு எது என்று முன்பே தீர்மானித்தாகிவிட்டது. உடலுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. மூளையில் டோபமைன் செய்யும் வேலையைத் தடுத்துத்தான் இம்மாத்திரைகள் குரல்களை அடக்குகின்றன. புரோலாக்டின் என்ற பால்சுரப்பு ஹார்மோனைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் அதே டோபமைன்தான். தடை விழுந்தால் புரோலாக்டின் ஏறும். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும். பிள்ளை பெறாதவளின் மார்பிலும் பால் கசியலாம். பல வருடம் இப்படியே போனால் எலும்பும் தேயலாம். குரல் அடங்கியதும் விலக்கு நின்றதும் ஒரே செயலின் இரு முகங்கள். ஒன்றுக்கு ‘பலன்’ என்றும் இன்னொன்றுக்கு ‘பக்கம்’ என்றும் பெயர் வைத்தது யார்?

புதிதாகக் கண்டுபிடித்த செய்தியல்ல இது. 1952இல் பாரிஸில் டிலேயும் தெனிக்கரும் குளோர்புரோமசினைக் கொடுத்து நோயாளிகள் அமைதியானதை எழுதினார்கள். (அதற்கு இருபது வருடம் முன்பே, 1931இல், கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி வேரைப் பற்றி எழுதியிருந்தார்கள். உலக வரலாற்றில் அது ஓர் அடிக்குறிப்பாகத்தான் நிற்கிறது.) பெண் நோயாளிகளுக்குப் பால் சுரப்பதும் அந்த 1950களிலேயே பதிவாகிவிட்டது. பிறகு வந்த ஆராய்ச்சி என்ன செய்தது? 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களிலிருந்து விலக்கச் சொன்னது. அது மாறியது 1993இல். ‘பாதுகாப்பு’ என்று சொல்லித்தான் விலக்கினார்கள். நம்மை எதிலிருந்தெல்லாம் அந்தச் சொல்லை வைத்து விலக்கியிருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விலக்கப்பட்டவளுக்கும் சந்தைக்கு வந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கத் தடை ஏதும் இருக்கவில்லை.

2005இல் வெளியான கேட்டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வு பழைய மருந்தையும் புதிய மருந்துகளையும் ஒப்பிட்டது. பங்கெடுத்தவர்கள் 1,493 பேர். பெண்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். பதினெட்டு மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் கொடுத்த மருந்தை ஏதோ ஒரு காரணத்தால் விட்டுவிட்டார்கள். மாத்திரையை விடுவது அவ்வளவு பரவலான விஷயம். நம் வீடுகளில் அதற்கு ‘அடம்’ என்று பெயர். “சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கிறா” என்று டாக்டரிடம் புகார் போகிறது. அவள் ஏன் விட்டாள் என்ற கேள்விக்கு அந்த அறையில் நேரமில்லை. கேட்கக் கருவி இல்லாமலில்லை: 1987இலேயே வெளியான யூகேயூ அளவுகோலின் 48 அம்சங்களில் மாதவிடாயும் பால்கசிவும் பாலுறவு விருப்பமும் இருக்கின்றன. கும்பல் நிறைந்த வெளிநோயாளிப் பிரிவில், அப்பாவின் முன்னிலையில், அவற்றை யார் கேட்பது?

இந்த இடத்தில் சென்னையில் நடந்த ஆய்வுகளை மரியாதையோடு நினைக்கிறேன். டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் தாராவும் உடனுழைத்தவர்களும் 90 நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆண்களில் மணமாகாமல் நின்றவர்கள் அதிகம். பெண்களில் மணமுறிவு அதிகம். மணம் முறிந்த பெண்களைப் பற்றி 2003இல் வந்த கட்டுரைகள் இன்னும் கூர்மையானவை: நோயின் களங்கத்தைவிட வாழாவெட்டி என்ற களங்கமே அவர்களையும் குடும்பத்தாரையும் அதிகம் வதைத்தது. அறிகுறிகளை எண்ணுவதோடு நிற்காமல் வாழ்க்கையைக் கேட்ட ஆராய்ச்சி அது. என் குறையெல்லாம், மாத்திரையும் மணவாழ்க்கையும் இரண்டு தனித்தனிக் கோப்புகளில் கிடக்கின்றன என்பதுதான். வீட்டில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. நோயை மறைத்துக் கட்டிக்கொடுக்கிறோம், மாமியார் கண்ணில் படக்கூடாதென்று மாத்திரையை நிறுத்துகிறாள், நோய் திரும்புகிறது. அல்லது மறைத்தபடியே சாப்பிடுகிறாள். உடம்பு பருக்கிறது, விலக்கு வரவில்லை, ‘மலடி’ என்ற பேச்சு கிளம்புகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவோ விவாகரத்துக் காரணங்களில் மனநோயை வைத்து, விளக்கத்தில் ஸ்கிசோஃப்ரினியாவைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு எத்தனை மாமியார்களின் காதுக்குப் போயிருக்கும்!

மாத்திரைக்கு எதிராக நான் எழுதவில்லை. குரல்கள் அவளை என்ன பாடுபடுத்தின என்று அவள் சொல்லிக் கேட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். ஆனால் வழிகள் இருக்கின்றன. ரத்தத்தில் புரோலாக்டினைப் பார்க்கலாம். அளவைக் குறைக்கலாம். அரிப்பிப்ரசோல் போல இந்தத் தொல்லை குறைவாக உள்ள மருந்துக்கு டாக்டரே மாற்றலாம். மாற்றினால் விலக்கோடு கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பும் என்பதை, மணமானவளோ இல்லையோ, அவளிடம் நேராகச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் அவள் வாயைத் திறந்தபின் நடப்பவை.

அதனால் அன்று என் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, டாக்டரிடம் பேசாமல் நீட்டிவிடு என்று எழுதத் தொடங்கினேன். ஏழு மாதமாக மாதவிடாய் இல்லை. கர்ப்பம் இல்லை, சோதித்தாயிற்று. உங்களோடு தனியாகப் பேச வேண்டும். மூன்று வரி. படித்துப் பார்த்தவள் பேனாவைக் கேட்டு வாங்கி, திரும்பி நின்று நான்காவதாக ஒன்று எழுதினாள்: ‘மார்பில் பால் மாதிரி வருகிறது. அம்மாவுக்குத் தெரியாது.’

அம்மா டிக்கெட்டோடு வந்துவிட்டார். தாளை நாலாக மடித்துக் கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள். வேண்டுதல் வேண்டுதல்தானே, இருவரும் புட்லூரில் இறங்கிப் போனார்கள்.