தேவதையும் அணங்கும்: ஆங்கில நாட்டார் மரபுவழிச் சிறார் மிகுபுனைவும் ஏ.கே. ராமானுஜனின் அகம் – புறம் பகுப்பும்

முன்னுரை

தமிழ்ச் சிறார் இலக்கியத்தில் ‘தேவதை’ என்னும் சொல் பெரும்பாலும் வெண்ணிற இறக்கையும் நட்சத்திரம் பதித்த கோலும் உடைய பெண்ணுருவையே நினைவுக்குக் கொணர்கின்றது. இச்சொல் வேற்று நிலத்துத் தெய்வங்களையெல்லாம் எளிதில் தன்னுள் அடக்கிக்கொள்வது. விறகுவெட்டியின் கோடரிக் கதையில் வரும் கிரேக்கக் கடவுளான ஹெர்மீஸ் தமிழில் வனதேவதையாக மாறியமை இதற்குச் சான்று. இவ்வாறு பெயர்த்துக்கொள்ளும்போது எது வந்து சேர்கிறது, எது விடுபடுகிறது என்பது ஆய்வுக்குரியது. ஆங்கிலத் தேவதை மரபிலிருந்து உருவான சிறார் புனைவு ஒன்றையும், மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் கன்னட நாட்டார் கதைகளுக்கு வகுத்த பகுப்பையும் ஒருங்கே வைத்து இக்கட்டுரை இவ்வினாவை ஆராய்கின்றது.

நாட்டார் நம்பிக்கையில் தேவதை

ஆங்கிலேய நாட்டார் நம்பிக்கையில் தேவதையர் இனியவர் அல்லர். குன்றிலும் புதரிலும் வாழும் அச்சத்திற்குரிய அண்டை வீட்டார். அவர்தம் பெயரைச் சொல்லவும் அஞ்சி, ‘நல்ல அண்டையர்’ என இடக்கரடக்கலாகக் குறிப்பிட்டனர். அவர்கள் இரும்புக்கு அஞ்சுவர், குழந்தையை மாற்றி வைப்பர், உதவிக்கு உதவி செய்வர், வாக்கு மீறினால் தண்டிப்பர். இவர்களுக்கு மெல்லிய இறக்கைகள் முளைத்ததில் 19ஆம் நூற்றாண்டு ஓவியத்திற்கும் மேடைக்கும் பெரும் பங்குண்டு.

1865இல் பம்பாயில் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங் 1906இல் வெளியிட்ட ‘பக் ஆஃப் பூக்ஸ் ஹில்’ என்னும் நூல் இம்மாற்றத்திற்கு எதிர்வினையாக அமைகின்றது. டான், யூனா என்னும் சிறுவர் இருவர் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகப் பகுதியைத் தம் புல்வெளியில் மும்முறை நடிக்கின்றனர். குன்று திறந்து பக் வெளிப்படுகிறான். வண்ணத்துப்பூச்சி இறக்கையும் மெல்லாடையும் மந்திரக்கோலும் கொண்ட உருவங்களைத் தன் இனத்தாராகக் கருதுவதை அவன் இகழ்ச்சியோடு மறுக்கிறான். அவன் குறிப்பிட்ட மண்ணுக்கு உரியவன். சிறுவரின் நினைவை மறைக்க அவன் பயன்படுத்தும் இலைகளும் அம்மண்ணின் மரங்களுக்குரியவை.

இந்நூலின் ‘டிம்சர்ச்’ கதையில், சமயப் பூசலால் நாடெங்கும் பெருகிய பகைமையைத் தாங்காத தேவதையர் சதுப்பு நிலக் கரைக்கு ஓடிவந்து கடல் கடக்க விழைகின்றனர். கைம்பெண் ஒருத்தி, பார்வையற்ற மகனையும் பேச இயலாத மகனையும் படகோட்ட விடுக்கின்றாள். அச்சத்திற்கும் இரக்கத்திற்கும் இடையே அவள் தயங்கும் தயக்கமே கதையின் உயிர். இங்கே அற்புதத்தைச் செய்பவள் தாய். தேவதையர் அவள் முன் இரந்து நிற்பவர்.

எனினும் நூலின் மறுபக்கத்தையும் கருதுதல் வேண்டும். தொடக்கத்திலேயே பக் சிறுவர் கையில் ஒரு பிடி மண்ணைத் தந்து நிலவுரிமை வழங்குகிறான். பேரரசு ஓங்கியிருந்த காலத்தில் எழுந்த இப்புனைவில், மண்ணின் மீதான பற்று மண்ணின் மீதான உடைமையாக எளிதில் திரிகின்றது.

மைசூர் வீட்டின் கதையியல்

இப்புனைவின் இயல்பை வகைப்படுத்த உதவும் கருவி ஒன்று தமிழ் இலக்கணத்தின் வழியே கிடைக்கின்றது. ஏ.கே. ராமானுஜன் (1929–1993) மைசூரில் தமிழ் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டின் கீழ்த்தளத்தில் தாயின் தமிழ், மாடியில் தந்தையின் ஆங்கிலம், தெருவில் கன்னடம் எனத் தம் இளமைச் சூழலை அவர் விவரித்துள்ளார். 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த அவர், 1986இல் வெளிவந்த கட்டுரையில் சங்க மரபின் அகம், புறம் என்னும் கருத்தாக்கங்களைக் கன்னட நாட்டார் வழக்காற்றுக்குப் பொருத்தினார். அடுக்களையில் பெண்கள் சொல்லும் கதைகளில் மாந்தருக்கும் ஊருக்கும் பெயரில்லை, அவை அகம். ஊர் நடுவே தொழில்முறைக் கலைஞர் நிகழ்த்துவன பெயரும் இடமும் உடையன, அவை புறம். அகப்பாடலில் தலைமக்கள் பெயர் சுட்டப்படாமையை அறிந்தோர்க்கு இப்பகுப்பின் நயம் விளங்கும்.

அவர் ஆராய்ந்த ‘ஹஞ்சி’ என்னும் கன்னடச் சிண்டரெல்லா கதை அகத்திற்குத் தக்க சான்று. உடன்பிறந்தவனின் முறையற்ற வேட்கையிலிருந்து மகளைக் காக்க, தாய் அவளுக்கு மண்முகமூடி அணிவித்து அனுப்புகிறாள். அந்த ஓட்டினாலேயே அவள் ஹஞ்சி எனப் பெயர் பெறுகிறாள். இறுதியில் அவளை அடையாளம் காட்டுவது அவள் சமைக்கும் உணவு. 1997இல் வெளிவந்த தொகுப்பின் ‘பூக்கும் மரம்’ கதையிலும் வரமளிக்கும் தேவதை இல்லை. இரு குட நீரால் பெண் மரமாகிறாள். நகம் படாமல் பூப்பறிக்க வேண்டும். அந்த நெறி மீறப்பட்டபோது அவள் உறுப்பிழந்து கிடக்கிறாள். மாயம் இங்குப் பரிசன்று. பிறர் பொறுப்பில் தன்னை ஒப்படைக்கும் இடர்.

இவ்வளவைக்கொண்டு நோக்கின், கிப்ளிங்கின் புனைவு புறத்தின்பாற்படும். அதன் ஆற்றல் பெயருடைய நிலத்திலிருந்து எழுகின்றது. ஹஞ்சியின் ஆற்றலோ பெயரற்ற வீட்டின் உறவிலிருந்து எழுகின்றது. இறக்கையும் கோலும் மட்டும் கொண்டு தமிழுக்கு வந்த தேவதைக்கு நிலமும் இல்லை, உறவும் இல்லை. ஆதலால் அவள் வரம் தருவதோடு நின்றுவிடுகிறாள். கதையில் எவரும் எதையும் இழப்பதில்லை.

அணங்கு என்னும் மாற்று

ஆங்கில நாட்டார் தேவதைக்கு நிகரானவை தமிழில் இல்லாமற் போகவில்லை. திருமுருகாற்றுப்படையில் மலைச்சோலையில் ஆடும் சூரரமகளிர், நற்றிணை குறிப்பிடும் கொல்லிப்பாவை, வருத்தும் ஆற்றலாகிய அணங்கு ஆகியன அழகும் அச்சமும் ஒருங்கே உடையன; இடத்தோடு பிணைந்தவை. கருப்பொருள் வரிசையில் உணவுக்கும் மரத்திற்கும் புள்ளுக்கும் உடனாகத் தெய்வம் வைத்து எண்ணப்படுவதும் இவ்வுறவையே உணர்த்தும். ‘அணங்கு’ என மொழிபெயர்க்கத்தக்க இடத்தில் ‘தேவதை’ எனப் பெயர்த்ததால் இழந்தது அச்சம் மட்டுமன்று, நிலமும்தான்.

குழந்தைகளுக்கு அச்சம் தகாது எனும் மறுப்பு எழலாம். ஆனால் ஹஞ்சியின் கதை வீட்டுக்குள்ளேயே தீங்கு நேரக்கூடும் என்பதைச் சொல்லி, தப்பும் வழியையும் காட்டுகின்றது. தீங்கை நீக்கிவிட்ட கதையில் தப்பும் வழிக்கும் இடமில்லை.

நிறைவுரை

ஆங்கிலத் தேவதைப் புனைவிலிருந்து தமிழ்ச் சிறார் எழுத்து கொள்ளத்தக்கது அதன் உருவமன்று. மனிதர்க்கும் மண்ணுக்கும் இடையிலான கடப்பாடு. அவ்வாறு கொள்ளும்போதும் மண்ணை உடைமையாக்கும் மயக்கத்தை விலக்குதல் வேண்டும். அதற்குரிய அளவுகோல் மைசூர் வீடொன்றின் அடுக்களைக் கதைகளுக்குத் தமிழ் இலக்கணம் தந்த பெயர்களிலேயே உள்ளது. டிம்சர்ச் கைம்பெண்ணும் ஹஞ்சியின் தாயும் தத்தம் மக்களை அறியாத வழியில் அனுப்பிவைத்தவர்கள். தமிழ்ச் சிறார் மிகுபுனைவு மந்திரக்கோலைவிட இத்தாயரிடமிருந்தே மிகுதியும் கற்கக்கூடும்.